பொங்கல் நிதி: மாடு வாங்கும் முன் தீனியைப் பார்ப்போம்

சங்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு ஊரில் கறவை மாடு வாங்கிக் கொடுக்கலாம் என்று துபாய்த் தம்பிகள் எழுதிய மடல்களைப் படித்தேன். நல்ல மனசு, நல்லபடியாக நடக்கட்டும். ஆனால் நிதி முழுவதையும் மாடு வாங்கவே போட்டுவிடாதீர்கள். பாதியையாவது ஏற்கெனவே ஊரில் நிற்கும் சினை மாடுகளின் தீனிக்கு ஒதுக்குங்கள். பசு என்ன தின்கிறது, எப்போது சினை பிடிக்கிறது என்பதைப் பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நான் இங்கிலாந்து வந்த காலத்தில் இங்கே பண்ணைக்காரர்களுக்கு ஒரே கவலைதான். பால் ஏறிக்கொண்டே போனது, சினை குறைந்துகொண்டே போனது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 1975-82இல் முதல் சினை ஊசியிலேயே (விந்தைக் கருவியால் செலுத்துவதை ஊசி என்போம்) சினை பிடித்த பசுக்கள் நூற்றுக்கு 56 போல; 1995-98இல் அது 40. விந்தைக் குறை சொன்னவர்கள் உண்டு, ஊசி போட்டவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. விஷயத்தில் ஒரு பங்கு தீனித்தொட்டியிலும் இருந்தது.

கன்று போட்டதும் பசுவுக்குப் பால் மளமளவென்று ஏறும். பசி அதே வேகத்தில் ஏறாது. அந்த இடைவெளியைத் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் அது ஈடுகட்டும். உடம்பு இப்படி நஷ்டத்தில் ஓடும்போது இன்சுலின் குறைந்துவிடும், சினைப்பையைத் தூண்ட மூளை அனுப்பும் சமிக்ஞையும் மங்கிவிடும். ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் சினைப்பையில் முட்டை வளரும் நீர்க்குமிழ் கறுப்பு வட்டமாகத் தெரியும். நல்ல தெம்புள்ள பசுவில் அது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து வெடித்து முட்டையை விடும். நலிந்த பசுவில் ஒரு சென்டிமீட்டரைத் தொட்டதும் அப்படியே சுருங்கிப் போகும். அடுத்த குமிழ் கிளம்பும், அதுவும் சுருங்கும். பசு பருவத்துக்கே வராது. திரையில் இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

1992இல் ஜாக் பிரிட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இன்னொன்று சொன்னார். முட்டை முதிர்வதற்கு 60 முதல் 80 நாள் வரை பிடிக்கும் என்பதால், கன்று போட்ட புதிதில் பட்ட பட்டினி இரண்டு மாதம் கழித்து வெளிவரும் முட்டையைக் கெடுக்கும் என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால் கன்று போட்ட 85 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். அன்றைக்கு வரும் முட்டை வளரத் தொடங்கியதே முந்தைய கன்று பிறந்த நாட்களை ஒட்டித்தான். பிற்பாடு நாட்டிங்ஹாமில் பிலிப் கார்ன்ஸ்வொர்த்தி குழுவினர் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். சினைப்பை மறுபடி வேலையைத் தொடங்க மாவுச்சத்து கூடுதலான தீனி உதவும், பருவம் வந்தபின் அதைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால் முட்டைக்கு நல்லது என்று காட்டினார்கள்.

சரி, நம்மூருக்கு வருவோம்.

போன முறை ஊருக்கு வந்தபோது வாய்க்கால் தெருவில் ஒரு மதினி தன் ஜெர்சிக் கலப்பு மாட்டைக் காட்டினார். "எத்தனை ஊசி போட்டும் செனை நிக்க மாட்டேங்குது, நல்ல விலைக்குக் கேட்டா தள்ளிவிட்டுரலாம்னு இருக்கேன்" என்றார். வால் அடியில் கை வைத்தேன். இருபுறமும் குழி விழுந்திருந்தது, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. போன சினையில் பால் வற்றிய பிறகு என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டேன். "பால் வத்துனப்புறம் ஏது புண்ணாக்கு? வைக்கோல்தான்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பால் நின்றால் சொசைட்டிப் பணம் நின்றுவிடும், அந்தப் பணம் நின்றால் புண்ணாக்கும் நின்றுவிடும். வயிற்றில் கன்று வேகமாக வளரும் கடைசி இரண்டு மாதமும் அதே நேரம்தான். வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நாலு தேறுவதே கடினம், பாஸ்பரசும் மிகக் குறைவு. அதை மட்டும் தின்று கன்று போடும் பசு, பால் கறக்கத் தொடங்கும்போதே கடன்பட்ட உடம்போடு தொடங்குகிறது. அப்புறம் போடும் ஊசி எப்படி நிற்கும்? நம் சங்கத்தின் பணம் போய்ச் சேரவேண்டிய இடம் வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதம்தான்.

அந்த இரண்டு மாதமும் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த தீனி), 50 கிராம் தாது உப்பு. கன்று போட்ட பின் பாலுக்குத் தக்கபடி கூட்டிக்கொள்ளலாம். கால்வாயில் தண்ணீர் வரும் நிலத்தில் கம்பு நேப்பியர் தீவனப்புல் போடட்டும். மானாவாரிக்காரர்களுக்கு வேலிமசால் என்ற தீவனச் செடியும் வேலியோர அகத்தியும் போதும். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு புது மாட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்று. இங்கே பண்ணைகளில் மாடுகள் கூட்டமாகத் திரிவதால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை வைத்தே பருவத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நம்மூரில் தொழுவத்தில் ஒற்றையாகக் கட்டிக் கிடக்கும் மாடு யார்மேல் ஏறும்? கத்துவது, அடிக்கடி மூத்திரம் பெய்வது, பால் திடீரென்று குறைவது, கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுவது, இவற்றைத்தான் காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். காலையில் தெரிந்தால் அன்று சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் போச்சு. சித்திரை, வைகாசி வெயிலில் அறிகுறி இன்னும் மங்கலாக இருக்கும் என்பதால் அப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

செயலாளர் தம்பி, ஊரில் ஏழு மாதச் சினைக்கு மேல் நிற்கும் மாடுகளின் பட்டியலை மட்டும் எடுத்து அனுப்புங்கள். எந்த மாட்டுக்கு எப்போதிலிருந்து எவ்வளவு என்று நான் எழுதித் தருகிறேன். ஊர் கால்நடை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். புது மாடு வாங்குவது என்றே முடிவானால், மாட்டோடு ஆறு மாதத் தீனிக்கான பணத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

அன்புடன்,
கிழக்குத் தெரு திண்ணை வீட்டு மகள்