தரம் 3இல் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள்: ஆசிரியர்கள் ஒன்றுகூடி எங்கிருந்து தொடங்குவது?

படுவான்கரை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமப் பாடசாலையில் இவ்வாண்டு தரம் 3ஐப் பொறுப்பேற்றிருக்கிறேன். வகுப்பிலுள்ள 27 பிள்ளைகளில் 8 பேர் பாடநூலின் ஒரு பந்தியைக்கூடத் தொடர்ந்து வாசிக்க இயலாமல் இருக்கிறார்கள். எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டு வரியின் முடிவுக்கு வரும்போது, அந்த வரி எப்படித் தொடங்கியது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதை ஆரம்பப் பிரிவுக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது நடந்தது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது. கீழ் வகுப்பில் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை என்றார் ஒருவர். முன்பள்ளியிலேயே பிழை என்றார் மற்றவர். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவிடம், வீட்டில் யார் கவனிப்பது என்றார் இன்னொருவர். தரம் 5 ஆசிரியையோ புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து ஒன்றும் பேசாமல் இருந்தார். எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் பெயர்கூட அங்கு உச்சரிக்கப்படவில்லை.

எங்கள் அதிபர் புதன்கிழமைகளில் பாடசாலை முடிந்தபின் ஒரு மணி நேரத்தை ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் ஐவருக்கும் ஒதுக்கித் தந்திருக்கிறார். பின்தங்கிய பிள்ளைகளுக்கான பரிகாரக் கற்பித்தல் பதிவேட்டை நிரப்புவதற்காக மட்டும் அந்த நேரம் கழிந்துவிடக் கூடாது என்று விரும்புகிறேன். முதற் புதன்கிழமை நாங்கள் என்ன செய்யவேண்டும்? அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

திருக்கோவில் வலய ஆசிரியர்:

ரீச்சர், முதற் புதன்கிழமை பிள்ளைகளைப் பற்றிப் பேசாதீர்கள்; ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள். எங்கள் பாடசாலையில் நாங்களும் பல மாதங்கள் பேசிப் பேசியே கழித்தோம். பின்னர் ஒரு நாள் பகுதித் தலைவர், தரம் 3இல் ஒரு மகனை அழைத்துத் தம் அருகில் இருத்தி, 60 சொற்கள் கொண்ட சிறு கதையொன்றை வாசிக்கச் சொன்னார். நாங்கள் நால்வரும் அதே கதையின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் எந்தச் சொல்லில் நின்றான், எந்தச் சொல்லை எப்படிச் சொன்னான் என்பதை அவன் வாயில் வந்தபடியே குறித்தோம். இடையில் திருத்துவதில்லை என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். பழக்கதோசத்தால் அதுதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது.

அவன் "கொக்கு" என்ற சொல்லை "கெரக்கு" என்று வாசித்தான். "தோணி" என்பதையும் "தேரணி" என்றான். இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு, அவன் ஒகர, ஓகார எழுத்துகளின் அரவை, அதாவது "ா" என்ற குறியை, "ர" என்ற தனி எழுத்தாகக் கண்டுகொண்டிருந்தான் என்பது அன்றுதான் தெரிந்தது. அவனை நாங்கள் அதுவரை "மெல்லக் கற்பவன்" என்றே குறிப்பிட்டு வந்தோம். உண்மையில் அவன் கண்ணில் பட்ட ஒவ்வொரு வடிவத்தையும் விடாமல் வாசித்திருக்கிறான்.

அதற்குப் பின்னர்தான் பயனுள்ள பேச்சுத் தொடங்கியது. தரம் 1இல் அந்தக் குறியை "அரவு" என்றும், தரம் 2இல் "கால்" என்றும் கற்பித்திருக்கிறோம். தரம் 3இல் நான் அதற்குப் பெயரே சொல்வதில்லை. மூத்த ஆசிரியை ஒருவர் "கானா, காவன்னா" என்ற பழைய முறையில் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கற்பித்தார். இளையவர் ஒலியைச் சொல்லிக் கற்பித்தார். இரண்டு முறையிலும் பிள்ளைகள் வாசிக்கக் கற்றிருக்கிறார்கள். ஆனால், ஆண்டுக்கு ஆண்டு முறை மாறும்போது, ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைதான் முதலில் விழுகிறது. அன்று நாங்கள் எடுத்த ஒரே முடிவு, குறிகளுக்கு ஐந்து வகுப்பிலும் ஒரே பெயரைச் சொல்வது, எழுத்தை ஒலியாலேயே அறிமுகப்படுத்துவது என்பதுதான். அதற்குப் பணமும் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், கல்முனை:

மேலே தம்பி கூறியதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அதனுடன் ஒரு படியைச் சேர்க்க விரும்புகிறேன். மகள், உங்கள் 8 பிள்ளைகளும் ஒரே காரணத்துக்காகத் தடுமாறுகிறார்கள் என்று எண்ணவேண்டாம். 1986ஆம் ஆண்டில் கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர், வாசித்து விளங்குதல் என்பது இரண்டு திறன்களின் பெருக்கம் என்று விளக்கினர். எழுத்தைக் கண்டு சொல்லை அறிவது ஒன்று. காதால் கேட்டு மொழியை விளங்கிக்கொள்வது மற்றொன்று. பெருக்கத்தில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியமாகும். ஆகையால் பிள்ளை வாசிக்க முடியாத பந்தியை நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டி, இரண்டு கேள்விகள் கேளுங்கள். சரியாக விடை சொல்லும் பிள்ளைக்கு எழுத்திலும் சொல்லை அடையாளம் காண்பதிலும் பயிற்சி வேண்டும். விடை சொல்ல இயலாத பிள்ளைக்கு எழுத்தும் சொல்லும் எழுதிய மின்னட்டைகளை எவ்வளவு காட்டினாலும் போதாது. அதற்குக் கதையும் பேச்சும் சொல்வளமும் வேண்டும். இந்த இரு சாராரையும் ஒரே பரிகார வகுப்பில் இருத்தி ஒரே பயிற்சியைக் கொடுப்பதை நான் பல பாடசாலைகளில் கண்டிருக்கிறேன். வேலைப் பளுவுக்கிடையில் நேரம் ஒதுக்கி நடத்தப்படும் வகுப்பு அப்படி வீணாவது வேதனையானது.

இன்னொன்று, வகுப்பறைக்குள் சென்று பார்ப்பது பற்றியது. நம் ஆசிரியர்களுக்கு, பின்வரிசை வாங்கில் ஒருவர் குறிப்புக் கொப்பியுடன் அமர்ந்தால் அது மேற்பார்வைதான். அந்த அச்சம் நியாயமானது. ஆலோசகராக நானே சிலருக்கு அதை ஏற்படுத்தியிருப்பேன். யப்பானில் பாட ஆய்வு என்ற முறையில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதைக் கற்பிக்க, மற்றவர்கள் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைக் கவனிக்கிறார்கள். பின்னர் கூடியிருந்து அந்தப் பாடத்தைத் திருத்துகிறார்கள். பாடம் எல்லாருக்கும் சொந்தமாக இருப்பதால் குறையும் ஒருவர் தலையில் விழுவதில்லை. உங்கள் பாடசாலையில் மிக மூத்தவர் எவரோ அவர் வகுப்பு முதலில் திறக்கட்டும். இளையவரை முதலில் நிறுத்தவேண்டாம்.

மண்டூர்ப் பக்கத்து ஆசிரியை:

ஐந்து ஆசிரியர்கள் இருப்பதே ஒரு பாக்கியம். நான் குருமண்வெளியிலிருந்து பாதை என்னும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வந்து கற்பித்த காலத்தில், எங்கள் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்கு இருவர்தான் இருந்தோம். தரம் 1, 2 ஒருவருக்கு, மிகுதி மற்றவருக்கு. அயற் பாடசாலை ஆசிரியைகளுடன் மாதம் ஒரு முறை கூடிக்கொண்டோம். அந்தக் கூட்டத்தில் எழுந்த ஒரு விவாதத்தை இங்கு சொல்லவேண்டும்.

ஒரு மகள் "பிறகு அவன் வயலுக்குப் போனான்" என்ற வாக்கியத்தை "மறுகா அவன் வட்டைக்குப் போனான்" என்று தயக்கமின்றி வாசித்தாள். நான் இரண்டு பிழை என்று குறித்தேன். என்னுடன் இருந்த ஆசிரியை ஒன்றும் பிழையில்லை, அவள் வாக்கியத்தை விளங்கி வீட்டு மொழியில் சொல்லியிருக்கிறாள் என்றார். நெடுநேரம் பேசினோம். முடிவில், அவளை அதே இரண்டு சொற்களைத் தனி அட்டையில் வாசிக்கச் சொன்னோம். "வயல்" என்பதைச் சரியாக வாசித்தாள். "பிறகு" என்பதை வாசிக்க அவளால் முடியவில்லை. ஆகவே ஒரு சொல்லை அவள் அறிந்தே மாற்றியிருந்தாள், மற்றதை ஊகித்திருந்தாள். நாங்கள் இருவருமே பாதி சரி. நான் தனியே இருந்திருந்தால் அந்த அட்டையை எடுத்திருக்கவே மாட்டேன்.

அதன்பின் வீட்டுச் சொல்லைத் திருத்தும்போது "பிழை" என்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன். "மறுகா என்று நாம் சொல்வோம், புத்தகம் பிறகு என்று சொல்லுகிறது, இந்த எழுத்துகளைப் பார்" என்று காட்டுவேன். தன் தாய் பேசும் சொல்லைப் பிழை என்று கேட்ட பிள்ளை அடுத்த முறை வாய் திறக்கத் தயங்கும். வாய் திறக்காத பிள்ளையின் வாசிப்பை நாம் எப்படிக் கேட்பது?

படுவான்கரை ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று இடைவேளையில் எங்கள் மூத்த ஆசிரியையிடம் இவற்றைக் காட்டினேன். தம் தரம் 1 வகுப்பை முதலில் திறப்பதாக அவரே கூறினார். இந்தப் புதன்கிழமை பதிவேட்டை எடுக்கப்போவதில்லை. 60 சொற்கள் கொண்ட கதையொன்றை நானே எழுதி, ஐந்து பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன். கொக்கும் தோணியும் அதில் இருக்கின்றன. எட்டுப் பேரில் யாரை முதலில் அழைப்பது என்று யோசித்தபோது, வகுப்பில் இதுவரை என்னிடம் ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேசாத மகனின் நினைவுதான் வந்தது. ஆனால் ஐந்து ஆசிரியர்கள் நடுவில் அவனை இருத்த எனக்கு மனம் வரவில்லை. அவன் வாசிப்பதை நாளை காலை நான் மட்டும் மரத்தடியில் வைத்துக் கேட்கப்போகிறேன். புதன்கிழமைக்கு, எல்லாரிடமும் கலகலப்பாகப் பேசும் ஒரு மகளைக் கேட்டிருக்கிறேன், அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.