செட்டிநாட்டு வீட்டில் ஒயினை நெடுநாள் வைத்துக் காப்பது எப்படி?

கேள்வி (கானாடுகாத்தான்)

எங்கள் ஐயா காலத்தில் கட்டிய வீட்டில் இப்போது நானும் என் மனைவியும் மட்டும் குடியிருக்கிறோம். பிரான்சில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம், விமானப் பயணிக்குத் தீர்வையின்றி அனுமதிக்கப்படும் 2 லிட்டருக்கு உட்பட்டு, இரண்டிரண்டு பாட்டிலாகப் போர்தோ சிவப்பு ஒயின் கொண்டுவந்து, மூன்று பயணங்களில் ஆறு பாட்டில் சேர்த்துவிட்டான். ஆறும் 2016-ஆம் ஆண்டு அறுவடை. பேத்தி பிறந்த ஆண்டு என்பதால் தேடி வாங்கியவை. அவளுக்கு 21 வயது நிறையும் 2037-இல் குடும்பமாக உட்கார்ந்து அவற்றைத் திறக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

இப்போதைக்கு வளவை ஒட்டிய சாமான் அறையில் அட்டைப்பெட்டியோடு வைத்திருக்கிறேன். சன்னல் இல்லாத அறை. சுவர் ஒன்றரை முழத்துக்குக் குறையாது. சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் உடம்புக்கு இதமாகவே இருக்கிறது. ஐரோப்பாவில் ஒயினை நிலவறையில் வைப்பார்கள் என்பதால், அந்த அறைக்குக் கீழே எட்டடி தோண்டி ஒரு சிறு நிலவறை கட்டலாமா, அல்லது அறைக்கே ஏ.சி. பொருத்திப் பழைய தேக்குப் பலகைகளில் அடுக்கு செய்து வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (காரைக்குடி, குளிர்பதன வேலை)

ஐயா, தயவுசெய்து தோண்ட வேண்டாம். நிலத்தின் சில மீட்டர் ஆழத்தில் நிலவும் வெப்பம், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். போர்தோ பக்கம் அந்தச் சராசரி 13, 14 டிகிரி என்பதால் அங்கே வெறும் பள்ளமே போதுமானதாகிறது. நம் சீமையில் அது 28 டிகிரியை ஒட்டியது. மார்கழி விடியலில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிலத்தடியின் உண்மையான சூடு அதுதான். எட்டடி ஆழத்தில் நீங்கள் கட்டப்போவது வெப்பம் மாறாத ஓர் அறையாக இருக்கும், குளிர்ந்த அறையாக இராது. போதாக்குறைக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமும் ஊறும்.

சாதாரண ஏ.சி.யையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலானவை 16 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஒயினுக்கு வேண்டியதோ 12, 13 டிகிரி. தவிர, ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றுவதால் கார்க் உலர்ந்து சுருங்கும். உண்மையான குளிர் அறை வேண்டுமென்றால் சுவர், தரை, மேல்தளம் எல்லாவற்றையும் பஃப் என்னும் வெப்பம் தடுக்கும் நுரைப் பலகையால் மூடி, வெப்பமான வெளிப்பக்கத்தில் ஈரம் புகாத தாள் ஒட்டித் தனி எந்திரம் வைக்க வேண்டும். ஆறு பாட்டிலுக்காக அந்த அருமையான சுண்ணாம்புப் பூச்சை உடைப்பதை என் மனம் ஒப்பவில்லை.

ஒயினுக்கென்றே வரும் அலமாரிக் குளிர்பெட்டி ஒன்று வாங்குங்கள். ஆனால் கம்ப்ரசர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாத, சத்தமே வராத தெர்மோஎலக்ட்ரிக் பெட்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும். அவை வெளிவெப்பத்திலிருந்து 10, 15 டிகிரி மட்டுமே குறைக்கவல்லவை என்பதால் அக்னி நட்சத்திரத்தில் தோற்றுப்போகும். பெட்டியை அந்தச் சாமான் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அது வெளியே தள்ளும் சூடு போக வழியில்லாமல் அறையிலேயே தங்கிவிடும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள இரண்டாங்கட்டு நடைதான் சரியான இடம். பின்புறம் நான்கைந்து விரற்கடை இடைவெளி விடுங்கள்.

பதில் 2 (தேவகோட்டை)

என் இழப்பைச் சொல்கிறேன், பயன்படட்டும். கோவாவிலிருந்து வந்த இனிப்பு போர்ட் ஒயின் நான்கு பாட்டிலை மேல்மாடி அறையில் இரண்டு கோடை வைத்திருந்தேன். ஒரு காலை, சுவரிலிருந்து இறங்கிய எறும்பு வரிசை ஒரு பாட்டிலின் கழுத்தில் போய் முடிந்தது. மேல்மூடித் தாளைப் பிரித்தால் கார்க் ஒரு நகக்கண் அளவு மேலே எழும்பியிருந்தது. அதன் ஓரமெல்லாம் கருஞ்சிவப்புப் பிசுக்கு. பகலில் சூடேறும்போது திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும். இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். நாள்தோறும் நடந்த இந்த ஏற்ற இறக்கம்தான் என் ஒயினைக் கெடுத்தது.

கார்க் அடைத்த பாட்டிலைப் படுக்கவைத்து, ஒயின் கார்க்கை நனைத்தபடி இருக்கச் செய்ய வேண்டும். திருகுமூடி என்றால் நிறுத்தியும் வைக்கலாம். வெளிச்சமும் ஆகாது. அந்துருண்டை, கற்பூரம், ஊறுகாய் ஜாடி இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். பழைய பலகையில் அடுக்கு செய்தால் கரையானைப் பாருங்கள். இராமபாணப் பூச்சி லேபிளைத் தின்று ஆண்டே தெரியாமல் ஆக்கிவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரு பாட்டில் தண்ணீரில் வெப்பமானியை இட்டு, சாமான் அறையில் பத்து நாள் குறித்துப் பார்த்தேன். காலையில் 31, மாலையில் 32. ஏற்ற இறக்கம் இல்லை என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் 31 டிகிரியே அதிகம் அல்லவா?

பதில் 3 (புதுச்சேரி, பூர்வீகம் பள்ளத்தூர்)

அதிகம்தான், அண்ணே. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிமாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. 31 டிகிரியில் ஒயின் பக்குவப்படுவதற்குப் பதிலாக வெந்துபோகும். பழவாசம் போய், காய்ச்சிய பழப்பாகின் வாசம் வரும்.

உணவகங்களில் பல்லாண்டு ஒயின் பரிமாறியவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்துகிறேன். உலகில் விற்கும் ஒயினில் பெரும்பங்கு சில ஆண்டுகளுக்குள் குடிக்கச் செய்ததே. வைக்க வைக்க எல்லாம் மேம்படும் என்பது தவறான நம்பிக்கை. போர்தோவில் 2016 மிகச் சிறந்த ஆண்டு. நல்ல தோட்டத்து ஒயின் என்றால் 2037 வரை தாங்கும், ஆனால் குளிரில் இருந்தால்தான். ஆகவே ஆறில் ஒன்றை இப்போதே திறந்து பாருங்கள். மற்ற ஐந்தும் அதே வெப்பத்தைக் கண்டவை என்பதால் நிலைமை தெரிந்துவிடும். இனி வாங்குபவற்றை மகன் அங்கேயே வைத்திருக்கட்டும். வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. சேமிப்பைப் பெருக்குவதற்கு முன் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 1 (காரைக்குடி)

ஸ்டெபிலைசர் இல்லாமல் பெட்டியை இணைக்காதீர்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருந்தாலே சில மணி நேரம் குளிர் தங்கும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் இன்னும் நேரம் தாங்கும்.

கேட்டவர்

சென்ற ஞாயிறு ஒரு பாட்டிலை அரை மணி குளிர்பதனப்பெட்டியில் வைத்துவிட்டுத் திறந்தோம். கார்க் முழுதாக வந்தது, கசிவு இல்லை. வெள்ளைத் துணிக்கு மேலே கோப்பையைச் சாய்த்தபோது நடுவில் சிவப்பும் ஓரத்தில் செங்கல் நிறமும் தெரிந்தன. மகனிடம் காணொளியில் காட்டினேன். வயதுக்கு மீறிய நிறம், ஆனால் கெட்டுவிடவில்லை என்றான். ஐந்தில் மூன்றை அடுத்த சில ஆண்டுகளில் குடிப்பது, இரண்டை மட்டும் வைத்துப் பார்ப்பது, பேத்திக்கான 2016 பாட்டில்களை அவன் அங்கே புதிதாக வாங்கிக் குளிர்க்கிடங்கில் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கம்ப்ரசர் பெட்டி இரண்டாங்கட்டு நடைக்கு வந்துவிட்டது. ஐந்தும் படுத்திருக்கின்றன, தண்ணீர் பாட்டிலில் உள்ள வெப்பமானி இன்று காலை 13 காட்டுகிறது.