பொருள்: 'கேரியர்' – கதிர்வேதியியலில் என்ன சொல்வது? (ஹான் பலகைகள், வியாழன் இரவுக்குள்)

உதகையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அறிவியல் நாள் கண்காட்சிக்காக யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டறிந்த ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ஹானின் ஆய்வு வாழ்க்கையை எட்டுப் பலகைகளில் தமிழாக்குகிறோம். வெள்ளி காலை கோப்பு கோவை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஆறாம் பலகையில் சிக்கல். 1938 டிசம்பர், பெர்லின். நியூட்ரான் பாய்ச்சிய யுரேனியக் கரைசலில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் பேரியம் குளோரைடைக் 'கேரியராக'ச் (நுண்ணளவுக் கதிரியக்கப் பொருளைத் தன்னோடு கீழே இறக்கும் பொருளாக) சேர்க்கிறார்கள். 'கடத்தி' என்று எழுதியிருந்தோம். ஆனால் கதிர்வீச்சை எண்ணும் கைகர் எண்ணியை விளக்கும் பலகையில் மின்கடத்தி வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பேரியம் மின்சாரம் கடத்துகிறது என்றுதான் படிக்கும். மாற்று சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து (தமிழ்):

'கடத்தி' போகட்டும். கடத்தல் என்றாலே இப்போது தங்கமும் சந்தனக்கட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. 'காவி' என்போம். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். புறநானூறு 206-இல் ஔவை "காவினெம் கலனே" என்கிறார். கா என்பது சுமக்கும் தண்டு. காவடியும் அதன்வழி வந்ததே. இன்னும் போனால் காவிரிக்கும் இந்தக் 'கா'வுக்கும் உறவு உண்டு என்பது என் துணிபு. விரிவாக எழுதுகிறேன்.

குன்னூரிலிருந்து (வேதியியல்):

ஐயா, காவிரி கொஞ்சம் பொறுக்கட்டும். நம் மாயாறும் பவானியும் போய்ச் சேரட்டும், பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

கரைசலில் கதிரியக்க அணுக்கள் சில ஆயிரம்தான் இருக்கின்றன என்றால், எவ்வளவு கந்தக அமிலம் ஊற்றினாலும் அவை தாமாக வீழ்படியா (திண்மமாகப் பிரிந்து அடியில் இறங்கா). பேரியம் சல்பேட்டின் கரைதிறன் பெருக்கம் (எந்த எல்லையைத் தாண்டினால் வீழ்படியும் என்று சொல்லும் எண்) 25° செல்சியஸில் ஏறத்தாழ 1.1 × 10⁻¹⁰. அத்தனை சிறிய எல்லையைக்கூட அந்த அணுக்கள் எட்டுவதில்லை. போதாக்குறைக்கு ஒரு பங்கு பீக்கரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதே தனிமத்தையோ, குணத்தில் நெருங்கிய இன்னொன்றையோ பத்து, இருபது மில்லிகிராம் சேர்க்கிறோம். அது வீழ்படியும்போது இவையும் படிகத்துக்குள் நுழைந்தோ மேற்பரப்பில் ஒட்டியோ கூடவே இறங்குகின்றன.

சேர்த்ததும் நன்றாகக் கலக்கி, இரண்டும் ஒரே வேதிவடிவத்துக்கு வரவிட வேண்டும். கதிரியக்க அயோடின் அயோடேட்டாக இருக்க, நாம் அயோடைடைச் சேர்த்து வெள்ளி நைட்ரேட்டு ஊற்றினால், நாம் சேர்த்தது மட்டும் கீழே வரும். அளவு கூடினாலும் வம்பு: படிவு தடித்து, பீட்டாத் துகள்களைத் தானே விழுங்கும், எண்ணிக்கை குறையும்.

விளைச்சல் கணக்கும் இதை வைத்துத்தான். 10 மி.கி. பேரியம் சேர்த்தால் 17 மி.கி. சல்பேட்டு வரவேண்டும். தராசு 13.6 காட்டினால் கைக்கு வந்தது 80 விழுக்காடு, எண்ணிக்கையை 0.8-ஆல் வகுக்கவேண்டும். சேர்த்ததும் தேடுவதும் ஒரே தனிமமானால்தான் இது நம்பத்தக்கது. பேரியத்தோடு ரேடியம் வந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் வரும் என்று சொல்லமுடியாது.

ஆகவே 'சுமப்பது' என்பதே அரைகுறை உருவகம்.

கூடலூரிலிருந்து:

இங்கே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. இலங்கைத் தமிழில் 'காவிக்கொண்டு வா' இன்றும் பேச்சு. அங்கே 'நோய்க்காவி' அறிவியல் சொல்லாகவே இருக்கிறது. கோத்தகிரி ஐயா சொன்ன சொல் சங்கத்தில் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டிலும் இருக்கிறது. காவி என்றே போடுங்கள்.

உதகையிலிருந்து:

மேடம், மனசுக்குப் பிடித்த சொல்தான். ஆனால் சமவெளியிலிருந்து வரும் பிள்ளைக்குக் காவி என்றால் நிறம், காவு என்றால் கெடா வெட்டு. "பேரியக் காவி" என்றால் வண்ணப்பொடி என்று நினைப்பார்கள்.

குன்னூரிலிருந்து:

இன்னொன்று. ஹானின் வாழ்க்கை முழுக்கப் பிரிக்கமுடியாத பொருள்களோடு மல்லுக்கட்டியதுதான். 1905-இல் லண்டனில், ராம்சேயின் ஆய்வகத்தில் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டார். அதைத் தோரியத்திலிருந்து பிரிக்கமுடியவில்லை. 1907-இல் பெர்லினில் மீசோதோரியம். அது ரேடியத்திலிருந்து பிரியவில்லை. ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள் (வேதிக்குணம் ஒன்று, அணுநிறை வேறு) என்று வேதியியலாளர் சாடி 1913-இல் பெயர் வைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. உடன் ஆய்வாளர் லீசே மைட்னரும் ஹானும் புரோட்டாக்டினியம் என்ற தனிமத்தைத் தேடியபோது டாண்டலத்தைத்தான் துணைக்குச் சேர்த்தார்கள்.

1938-இல் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் எதிர்பார்த்தது ரேடியம். பேரியம் புரோமைடாகப் படிப்படியாகப் படிகமாக்கினால், முதலில் விழும் படிகங்களில் ரேடியம் செறிவாக இருக்கவேண்டும். யுரேனியத்திலிருந்து வந்த பொருளோ எல்லாப் பகுதிகளிலும் பேரியத்தோடு சமமாகவே பரவிக் கிடந்தது. முறையில் கோளாறோ என்று உண்மையான ரேடியம் ஐசோடோப்பை, அதே மீசோதோரியத்தைத்தான், கலந்து பார்த்தார்கள். அது ஒழுங்காகச் செறிந்தது. அப்படியானால் புதுப் பொருள் பேரியத்தோடு வரவில்லை, அதுவே பேரியம்; யுரேனிய அணு பிளந்து வந்தது. பலகையின் உயிர்நாடி இந்த இடம். ஆகவே சொல்லில் 'வேறொருவர் சுமை' என்ற வாடை இருக்கக்கூடாது. 'உடன்வீழ்படிவி' துல்லியம்.

கூடலூரிலிருந்து:

சார், துல்லியம்தான். ஆனால் வகுப்பில் அதை மூன்று முறை சொல்வதற்குள் மணி அடித்துவிடும். காவிக்கு ஆட்சேபம் நிறம் மட்டும். இதற்கு ஆட்சேபம் மூச்சு.

உதகையிலிருந்து:

வியாழன் மாலை ஆறு மணி. தனிமடல்களையும் சேர்த்து வந்தவை: தாங்கி (இயந்திரக்காரர்கள் பேரிங்குக்கு வைத்திருக்கிறார்கள்), ஊர்தி (லாரி), சுமப்பி, கொணரி. கொணரிக்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. பெரிதாகப் பிடித்ததாகவும் சொல்லவில்லை. அதையே போடுகிறோம். "பேரியக் கொணரி" சரிதானே?

கோத்தகிரியிலிருந்து:

புணர்ச்சி சரி, பொருள் இரட்டுறுகிறது. இருபெயரொட்டாகக் கொண்டால் பேரியமாகிய கொணரி. இரண்டாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் பேரியத்தைக் கொணர்வது. குன்னூரார் சொல்வதுபோல் கடைசியில் கிடைத்ததும் பேரியம்தான் என்றால் இரண்டும் ஒரே பலகையில் மோதும். முதல் இடத்தில் மட்டும் "பேரியம் என்னும் கொணரி" என்று விரித்து எழுதுங்கள்.

உதகையிலிருந்து:

அப்படியே செய்தாயிற்று. கோப்பு கிளம்பிவிட்டது. நன்றி.

குன்னூரிலிருந்து:

அச்சுக்குத் தடை சொல்லவில்லை, பதிவுக்காக மட்டும். ஸ்ட்ரான்சியம்-90இலிருந்து யிட்ரியம்-90ஐப் பிரிக்கும்போது கரைசலில் சாதாரண ஸ்ட்ரான்சியத்தையும் சேர்ப்போம். யிட்ரியம் ஹைட்ராக்சைடாக விழுகையில் கதிரியக்க ஸ்ட்ரான்சியம் அதோடு ஒட்டி வந்துவிடாமல் கரைசலிலேயே நிற்பதற்காக. அதுவும் கேரியர் வகைதான். அது எதையும் கொணர்வதில்லை, பிடித்து நிறுத்துகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள், கொணராக் கொணரியா?

கூடலூரிலிருந்து:

எங்கள் பள்ளிப் பலகையில் சாக்பீசால் 'காவி' என்று எழுதப்போகிறேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

கோத்தகிரியிலிருந்து:

கொணராக் கொணரி: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணப்படி குற்றமில்லை. காவிரி பற்றிய மடல் நாளை.