வேட்டைப்பேன், வேட்டைப்பூச்சி: ஒரு சொல் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுச் செடிகளில் வரும் பூச்சிகளை, மருந்தடிக்காமல், அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களை விட்டுக் கட்டுப்படுத்துவது பற்றித் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் தார்சாவிலும் (வீட்டுத் தாழ்வாரம்) மொட்டைமாடியிலும் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக. இந்தச் சிற்றுயிர்களைத் (ஆங்கிலத்தில் predator) தமிழில் எப்படி அழைக்கலாம் என்று போன வாரம் நான் குழுவில் கேட்டதற்கு மூன்று சொற்கள் வந்தன: இரைவிழுங்கி, கொன்றுண்ணி, காவல்பூச்சி. மூன்றையும் வீட்டிலும் தெருவிலும் சொல்லிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். உங்களிடமிருந்து வந்த, வரக்கூடிய கேள்விகளையும் இடையிடையே கொடுத்துப் பதில் சொல்கிறேன்.

> வேளாண் பாடங்களில் 'இரைவிழுங்கி' ஊன்றிவிட்டது. இனி எதற்குப் புதுச்சொல்?

ஊன்றியது உண்மைதான். ஆனால் நாம் பேசும் உயிர்களில் பாதி எதையும் விழுங்குவதில்லை. இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்தியைத் தின்னும் பைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்ற எட்டுக்கால் சிற்றுயிர் அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். இரையைக் குத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை விட்டுவிடும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் (lacewing) புழுவும் அப்படியே. கொடுக்கு மாதிரியான தாடையால் அசுவினியைப் பிடித்து உறிஞ்சும். மென்று தின்பது பொறிவண்டு வகைதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாடங்களில் சிலந்தி என்ற சொல்லின் மேல் ஏற்கெனவே பாரம் அதிகம். செஞ்சிலந்தி, மிளகாயில் வரும் மஞ்சள் சிலந்தி, 1998இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு நம் தென்னைகளுக்கும் வந்த ஈரியோபைட் சிலந்தி, இவை எதுவும் வலை பின்னி மூலையில் உட்காரும் சிலந்தி இல்லை, ஆங்கிலத்தில் mite எனப்படும் மிகச் சிறிய உயிர்கள். இதற்கு மேல் 'இரைவிழுங்கிச் சிலந்தி' என்று ஒன்றையும் சேர்த்தால், படிப்பவர் முதலில் எடுப்பது ஒட்டடைக்கம்பைத்தான்.

கொன்றுண்ணி அழகான சொல். கொன்று உண்பது என்று பொருள் நேராக நிற்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொன்னேன். "எய்யா, உண்ணியவா வீட்டுக்குள்ள கொண்டாந்து விடப் போற? மாட்டுல இருக்கது போதாதா?" என்று பதறிவிட்டார். மாடும் நாயும் வளர்க்கிற ஊரில் உண்ணி என்றால் அது ஒன்றுதான். எழுத்தில் பார்த்தால் பிரித்துப் படிப்பார்கள். காதில் விழும்போது கடைசி இரண்டு எழுத்துதான் நிற்கிறது. ஆய்வுக் கட்டுரைக்கு அந்தச் சொல் இருக்கட்டும், வீட்டு வாசலைத் தாண்டாது.

காவல்பூச்சி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு நாள் அதையே எழுதி வைத்திருந்தேன். அப்புறம் அடித்துவிட்டேன். காவல் என்றால் எந்தத் திருடன் வந்தாலும் தடுக்க வேண்டும். பெர்சிமிலிஸ் செஞ்சிலந்தி இனத்தை மட்டும்தான் தின்னும். பக்கத்துத் தண்டில் மாவுப்பூச்சி ஏறினால் திரும்பியும் பார்க்காது. செஞ்சிலந்தி தீர்ந்ததும் பட்டினியால் செத்துப்போகும், அல்லது வேறு செடிக்குப் போய்விடும். காவல்காரன் அப்படிப் போகமாட்டான். அந்தச் சொல்லைப் போட்டால், வாங்கி விட்டவர் ஒரு மாதம் கழித்து ஏமாந்து நிற்பார்.

தேடுவது, பிடிப்பது, தின்பது, தீர்ந்தால் கிளம்புவது, இவ்வளவும் சேர்ந்தது வேட்டை. கோயில் கொடைத் திருவிழாவில் நடுராத்திரி சாமி வேட்டைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கு வேட்டை என்பது கொலை மட்டும் இல்லை, ஊருக்காகப் போவது என்ற பொருளும் அதில் இருக்கிறது. ஆச்சியிடம் 'வேட்டைப்பேன்' என்றதும், "அப்ப ராத்திரிலதான் வருமா?" என்று கேட்டார். பயப்படவில்லை. பகலிலும் வேட்டையாடும் என்று சொன்னேன். ஆகவே என் முன்மொழிவு: பூச்சியாக இருந்தால் வேட்டைப்பூச்சி, எட்டுக்கால் சிற்றுயிராக இருந்தால் வேட்டைப்பேன், புழுப் பருவத்துக்கு வேட்டைப்புழு.

> வேட்டைப்பேன் என்றால் பேனை வேட்டையாடுவது என்று ஆகாதா? மேலும் பேனுக்கு ஆறு கால்.

முதல் கேள்விக்கு வேட்டைநாய் பதில் சொல்லும். சிப்பிப்பாறை நாயைப் பார்த்து, நாயை வேட்டையாடுகிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. இரண்டாவது நியாயமான கேள்வி. ஆனால் இலைப்பேன், செம்பேன், சிலந்திப்பேன் என்று மக்கள் ஏற்கெனவே கால் எண்ணாமல்தான் பேசுகிறார்கள். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் ஊர்வதெல்லாம் பேன். அந்தப் பழக்கத்தோடு போகலாம், அகராதியில் எட்டுக்கால் என்று விளக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. மாவுப்பூச்சிக்கு விடும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898இலேயே காப்பிச் செடியின் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்கு வந்தது. அதன் புழு பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை. கொஞ்சம் பெரிசு, இழை நீளம், நடை வேகம், அவ்வளவுதான் வித்தியாசம். போன வருஷம் செம்பருத்தியில் நான் விட்ட வண்டுகள் முட்டையிட்டுப் புழுக்கள் ஊர ஆரம்பித்த நேரம். "மாவு மறுபடி ஏறிட்டு" என்று அம்மா சோப்புத் தண்ணீரில் பழைய பிரஷ்ஷை முக்கி ஒவ்வொரு கணுவாகத் தேய்த்துக் கழுவிவிட்டார். அம்மாவைக் குறை சொல்ல வழியில்லை. நான் சொல்லி வைத்த பெயர் 'நன்மை செய்யும் பூச்சி'. அது எப்படி இருக்கும், என்ன செய்யும் என்று அந்தப் பெயரில் ஒரு குறிப்பும் இல்லை. இப்போது அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வெள்ளையாக இருந்து ஓடினால் வேட்டைப்புழு, தொடாதீர்கள். வெள்ளையாக இருந்து அப்பிக்கிடந்தால் மாவுப்பூச்சி." செஞ்சிலந்திக்கும் இதே கணக்கு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் விறுவிறு என்று ஓடுவது வேட்டைப்பேன், மந்தமாக நகர்வது செஞ்சிலந்தி.

வினைச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை. 'விடுவித்தல்', 'வெளியிடுதல்' என்று சிலர் எழுதுகிறார்கள். சிறையில் இருந்தால் விடுவிக்கலாம், புத்தகமாக இருந்தால் வெளியிடலாம். குளத்தில் மீன்குஞ்சு விடுகிறோம், செடியில் வேட்டைப்பேன் விடுவோம்.

ஒட்டுண்ணியை இதில் சேர்க்கவில்லை. 2008இல் கோவையில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து கொண்டுவந்த சின்னக் குளவிகள், பூச்சிக்குள் முட்டை வைத்து உள்ளிருந்து தின்பவை. அது வேட்டை ஆகாது.

நம் வெயில் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. பெர்சிமிலிஸுக்கு ஈரக்காற்று வேண்டும், 30 டிகிரிக்கு மேல் போனால் தளர்ந்துவிடும். சித்திரை மாதத்துத் தார்சாவில் அதை நம்ப முடியாது. நம் நாட்டிலேயே இருக்கும் நியோசியுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் போன்றவற்றை முன்னால் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெயரை எந்த ஆச்சியிடமும் சொல்ல முடியாது. 'நாட்டு வேட்டைப்பேன்' என்று போட்டிருக்கிறேன், சரிதானா பாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. கண்ணாடி இறக்கைப் பூச்சி நூல் மாதிரிக் காம்பின் நுனியில் ஒற்றை முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு வேட்டையாடும்; வளர்ந்த பூச்சியோ தேனும் மகரந்தமும் தின்று காலம் தள்ளும். அப்படியானால் பூச்சியை வேட்டைப்பூச்சி என்பதா, புழுவை மட்டும் வேட்டைப்புழு என்பதா? கடையம், களக்காடு, ஆலங்குளம் பக்கம் இருப்பவர்கள் வயலில் இதற்கு ஏதாவது பேர் புழங்குகிறதா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அப்படி ஒரு சொல் இருந்தால், என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போடுகிறேன்.