கார்க் பந்து பட்டு கண்குழி எலும்பு முறிவு: கன்னம் மரத்திருக்கிறது, இரண்டாகத் தெரிகிறது

தஞ்சை அக்கா:
தம்பிக்கு வயது 27. போன ஞாயிறு கிரிக்கெட் ஆடும்போது கார்க் பந்து இடது கண்ணுக்குக் கீழே பட்டுவிட்டது. கண்குழியின் அடிப்பக்க எலும்பு உடைந்திருப்பதாக சி.டி. ஸ்கேனில் வந்திருக்கிறது. பார்வை தெளிவாக இருக்கிறது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் மின்விசிறி இரண்டாகத் தெரிகிறதாம். இடது கன்னம், மேலுதடு, மேல் ஈறு எல்லாம் மரத்துப்போய், காபி வழிவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. வீக்கம் வடியட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார் டாக்டர். நரம்பு அறுந்துபோச்சோ என்று அம்மா ஒரே அழுகை. காத்திருக்கலாமா?

ஆப்டோமெட்ரிஸ்ட், மதுரை:
அம்மாவைத் தேற்றுங்கள். மரத்துப்போனதற்குக் காரணம் வேறு, இரண்டாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. கன்னத்துக்கு உணர்ச்சி தருவது ஐந்தாம் மூளை நரம்பின் ஒரு கிளை. அது அந்த அடிப்பக்க எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எலும்பு உடைந்தால் நசுங்கும். பெரும்பாலும் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு மிஞ்சும்.

இரண்டாகத் தெரிவதைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். உடைந்த எலும்பின் இடுக்கில் கண்ணை அசைக்கும் தசை மாட்டியிருந்தாலும் கண் மேலே போகாது. கண்ணை அசைக்கும் நரம்பு அடிபட்டிருந்தாலும் போகாது. மரப்பு மருந்து விட்டு, இடுக்கியால் கண்ணை மெதுவாக நகர்த்திப் பார்ப்பார்கள். தடுத்தால் தசை மாட்டியிருக்கலாம், அப்போது அறுவை சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். தாராளமாக நகர்ந்தால் நரம்பைச் சந்தேகிப்பார்கள். பெரியவர்களுக்கு வீக்கம் வடிய இரண்டு வாரம் வரை பொறுப்பது வழக்கம்தான்.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களின் எலும்பு வளைந்து, பொறிக்கதவு போல மூடித் தசையைப் பிடித்துக்கொள்ளும். கண் சிவக்காமலேகூட இருக்கும், ஆனால் வாந்தி வரும், நாடித்துடிப்பு குறையும். ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும். இதைப் படிக்கும் பெற்றோர்கள் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

தம்பி மூக்கைச் சிந்தக் கூடாது. மூக்கை ஒட்டிய எலும்புக் குழியான சைனஸில் இருக்கும் காற்று கண்குழிக்குள் ஏறிவிடும்.

பைக் விபத்தில் தப்பியவன்:
எனக்கு எலும்பைச் சரிசெய்த பிறகும் படி இறங்கும்போது ஒவ்வொரு படியும் இரண்டாகத் தெரிந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தால் ஒன்றாகிவிடும். கண்ணை அசைக்கும் நாலாவது மூளை நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார்கள். மிக மெல்லிய நரம்பாம், மண்டையில் அடிபட்டாலே பாதிக்குமாம். இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கும் ப்ரிஸம் ஒட்டிய கண்ணாடி போட்டுக்கொண்டு பல மாதம் ஓட்டினேன், இப்போது அது தேவைப்படவில்லை. எந்தப் பக்கம் பார்த்தால் இரண்டாகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள் அக்கா, டாக்டருக்கு உதவும்.

தஞ்சை அக்கா:
இருவருக்கும் நன்றி. அடுத்த வாரத்துக்குள் எது நடந்தால் உடனே ஓட வேண்டும்?

ஆப்டோமெட்ரிஸ்ட், மதுரை:
பார்வை மங்கினால், கண் பிதுங்கி வலி கூடினால், இமை தொங்கினால், வாந்தியோ மயக்கமோ வந்தால் நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள். தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிச் சிவப்பு நிறப் பாட்டில் மூடி ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு அடிபட்டிருக்கலாம். அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.