அத்தைக்காக இரங்கல் எழுதியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அத்தை இறந்த செய்தி கேட்டு மடல் எழுதியவர்களுக்கும் தொலைபேசியில் பேசியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பல மடல்களில் ஒரே வரி இருந்தது: "பாவம், கடைசிவரை குழந்தையாகவே இருந்துவிட்டுப் போய்விட்டார்." அன்பாகத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் அத்தை குழந்தை இல்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கோபம் வரும், வெட்கம் வரும், பிடிக்காத ஆள் வீட்டுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். (அப்படிப்பட்ட ஆட்கள் சிலர் இந்தக் குழுவிலும் இருக்கிறீர்கள். பெயர் வேண்டாம்.)

அவருக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் நிலை. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் 21ஆவது, இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருப்பதால் வருவது. இந்தக் காரணம் 1959இலேயே தெரிந்துவிட்டது. பெரும்பாலும் தற்செயலாக நேர்வதுதான், பெற்றவர்கள் செய்த எதனாலும் வருவதில்லை. ஆனால் பாட்டி கர்ப்பமாக இருந்தபோது ஏதோ தவறு செய்துவிட்டதாக ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். சாகும்வரை பாட்டி அந்தப் பழியைச் சுமந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை இப்போதாவது எழுதிவைக்கிறேன்.

அத்தை பேசுவது வெளியாட்களுக்குச் சட்டென்று புரியாது. அதனால் வருகிறவர்கள் அவரை எதிரில் வைத்துக்கொண்டே எங்களிடம், "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்பார்கள். "என்னைக் கேளு" என்பார் அத்தை. அது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகப் புரியும்.

நடுத்தர வயதில்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். என் அக்கா மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். வந்ததுதான் தாமதம், வீட்டில் கையெழுத்து இல்லாத தாள் இல்லை. செய்தித்தாளின் ஓரம், மின்கட்டண ரசீது, மருந்து டப்பா, ஒருமுறை என் கல்லூரிச் சான்றிதழின் பின்பக்கம். கூரியர் வந்தால் வேறு யாரும் வாங்கக்கூடாது. அவர் பேனாவைத் தேடி எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு முடிக்கும்வரை அந்தப் பையன் நிற்கவேண்டும். நின்றான் என்பதையும் சொல்லவேண்டும். தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும் என்று அதற்கப்புறம் கேட்டார், வாங்கியும் கொடுத்தோம். பாஸ்புக்கை யாரிடமும் காட்டமாட்டார்.

கடைசி சில ஆண்டுகளில் மறதி வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் நோய் மற்றவர்களைவிட வெகு முன்னதாக, ஐம்பதுகளிலேயே வரலாம். அந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்துக்கு மூலமான மரபணு அதே 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது, அது ஒரு பிரதி கூடுதல். ஆனால் தடுமாற்றம் எல்லாமே மறதிநோய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தைராய்டு குறைவு, காது மந்தம், கண்புரை எல்லாம் இவர்களுக்கு அதிகம் வரும், பார்வைக்கு மறதி மாதிரியே இருக்கும், மருத்துவமும் உண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஆண்டுதோறும் பரிசோதித்துவிடுங்கள்.

இன்னொன்று. "இத்தனை வயது இருந்ததே பெரிது" என்றார்கள் சிலர். அமெரிக்கக் கணக்குப்படி 1983இல் இவர்களின் சராசரி ஆயுள் 25தான், இன்று 60ஐ ஒட்டி வந்துவிட்டது. பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருக்கும், அதற்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியதும் விடுதிகளில் தள்ளிவிடாமல் வீட்டில் வளர்த்ததும் முக்கியக் காரணங்கள். அதிசயம் ஒன்றுமில்லை, கவனிப்பு.

அத்தையைப் பற்றி ஒரு சிறு தொகுப்பு போடுகிறோம். அவர் தனியாக இருக்கும் படம் எங்களிடம் அதிகம் இல்லை. குடும்பப் படங்களில் எல்லாம் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார், அது யார் செய்த வேலை என்று இப்போது கேட்டுப் பயனில்லை. உங்கள் ஆல்பத்தில் அவர் முழுதாக இருக்கும் படம் கிடைத்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அவரோடு சண்டை போட்ட கதை இருந்தாலும் எழுதுங்கள், வெட்டாமல் சேர்த்துக்கொள்கிறோம்.