மழைக்குப் பிறகு சாமான் அறையில் முடை நாற்றம், பட்டில் கறை, கல்லில் துரு: அடுக்கினதில் என்ன தப்பு?

வளவுக்காரர்:
காரைக்குடிப் பக்கம் பழைய வீடு. வளவைச் (வீட்டு நடு முற்றத்தை) சுத்தியுள்ள அறைகளில் ஒண்ணை ஆவணியில் ஒழுங்கு பண்ணினோம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா 14 வாங்கி பித்தளை, எனாமல், பட்டு, கொட்டான் (ஓலைக் கூடை) எல்லாத்தையும் அடைச்சு, சுவரை ஒட்டி மூணு அடுக்கா வச்சாச்சு. இரும்புப் பெட்டி ரெண்டு தரையில். ஐப்பசி மழை முடிஞ்சு திறந்தா முடை வாடை. குடத்தில் பச்சை பூத்திருக்கு, ஒரு பட்டுச்சேலையில் எண்ணெய் மாதிரி கறை, பெட்டிக்கு அடியில் தரையில் பதிச்ச ஆத்தங்குடிக் கல்லில் துருத் தடம். துருவுக்கு ஆசிட் ஊத்தலாமா?

கல்தச்சர்:
ஊத்திடாதீக. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் சாயச் சிமெண்டை ஊத்தி அழுத்தி, தண்ணியில் ஊறப்போட்டு எடுக்கறது. ஆசிட் சிமெண்டைத் தின்னும். துருவுக்கு முன்னாடி கல்லில் இருக்கிற பூ டிசைன் போயிரும். எலுமிச்சை, புளியும் வேண்டாம். சோப்புத் தண்ணியும் மெல்லிசான நாரும் போதும். மிச்சம் நிக்கிற தடத்தோட மல்லுக்கட்டாம, காய்ஞ்சதும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சு விட்டுருங்க. பெட்டிக்கு நாலு மூலையிலும் 2 அங்குல மரக்கட்டை கொடுங்க. நகர்த்தும்போது தூக்குங்க, இழுக்கக் கூடாது.

சேலைப்பெட்டி:
பட்டுல அந்துருண்டையும் கற்பூரமும் சேர்த்துப் போட்டீங்களா?

வளவுக்காரர்:
ஆமா ஆச்சி, ரெண்டும் ஒரே மடிப்பில்.

சேலைப்பெட்டி:
அதான் கறை. அந்துருண்டை தனியா உருகணும்னா 80 டிகிரி வேணும். கற்பூரம் பக்கத்தில் இருந்தா நம்ம ஊர் வெயிலுக்கே ரெண்டும் சேர்ந்து இளகிரும். தண்ணி வச்சுத் தேய்க்காதீங்க, கறை பரவும். நிழலில் ரெண்டு மூணு நாள் காத்தாட விடுங்க; ரெண்டுமே ஆவியாகிற சரக்கு. அப்பவும் நின்னா டிரை வாஷுக்குக் கொடுங்க. இனி ஒரே வகை போதும், அதுவும் சின்னத் துணிப்பையில் கட்டி மூலையில், ஜரிகையைத் தொடாம. சேலையைப் பழைய பருத்தி வேட்டியில் சுத்தி, மூணு மாசத்துக்கு ஒருதரம் மடிப்பை மாத்துங்க. பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது.

காரைச்சுவர்:
வாடைக்குக் காரணம் டப்பாவும் சுவரும்தான். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். ஒட்டி அடுக்கினா விட வழியில்லை, அந்த ஈரம் டப்பா முதுகிலேயே நிக்கும். மூடினப்போ உள்ளே இருந்த ஈரமும் வெளியேறாது. சுவரில் இருந்து 4 அங்குலம் தள்ளுங்க, கீழ்வரிசைக்கு மரப்பலகை போடுங்க. சுவர்ப்பக்கம் அட்டைப்பெட்டி இருக்கா? இருந்தா பின்னாடி மண் கோடு ஓடுதான்னு பாருங்க. ஓடினா சுரண்டிட்டு நிறுத்தாதீங்க, கரையான் வர்ற விரிசலைக் கண்டுபிடிச்சு மருந்தடிங்க. மழை நாளில் சன்னலைத் திறந்து வைக்கிறதும் தப்பு. வெயில் ஏறின பிறகுதான்.

கொட்டானைத் தண்ணியில் முக்காதீங்க. உலர்ந்த பிரஷால பூஞ்சையைத் தட்டி நிழலில் போடுங்க.

பித்தளை:
குடத்துப் பச்சை பெரும்பாலும் புளி மிச்சம். துலக்கினதும் ரெண்டு தண்ணி அலசி, வெயிலில் காய வச்சு, விளிம்பு மடிப்பை விரலால் தடவிப் பாருங்க. ஈரம் அங்கதான் ஒளியும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடறதா இருந்தா நடுவில் துணி, இல்லைன்னா எனாமல் பெயர்ந்துரும். உள்ளே ஈயம் போயிருந்தா பூசாம புளிக்குழம்புக்கு எடுக்காதீங்க.

அப்புறம், 14 டப்பா முதலில் வாங்கினது கூடத் தப்புதான். பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பேரெழுத்தைப் பார்த்துப் பிரிச்சீங்களா? பங்காளி வீட்டுச் சாமானும் கலந்திருக்கும். முதலில் எழுத்து வாரியா தரையில் பரப்புங்க, நோட்டில் எண்ணிக்கை எழுதுங்க, அப்புறம்தான் அடுக்கு.

வளவுக்காரர்:
பரப்பியாச்சு. நாலு குடத்தில் எங்க எழுத்தே இல்லை.

பித்தளை:
அதைத் தனியா வையுங்க. எடைக்குப் போட்டுடாதீங்க.